மலையாற்றில் இன்று 400 கனஅடி: அது நிறையவா, குறைவா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு மலையாற்றின் நீரோட்ட நிலவரத்தில் ‘விநாடிக்கு 400 கனஅடி’ என்று போட்டிருக்கிறார்கள். அது நிறையவா, குறைவா? காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆறு, ஒரு பொட்டு மழைகூட இல்லாமல் மாலையில் தொடைக்கு மேல் ஏறியது எப்படி? அந்தத் தண்ணீரை யார் யார், எதற்கெல்லாம் எடுக்கிறார்கள்?

மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. சமவெளி ஆற்றில் ‘எவ்வளவு’ என்று கேட்டால் போதும். மலையாற்றில் கூடவே ‘எப்போது’ என்றும் கேட்காவிட்டால் கிடைக்கிற எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஆற்றை அளக்கிற வேலையில் பல வருஷம் கழித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண். விநாடிக்கு ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். ஆக 400 கனஅடி என்றால் விநாடிக்கு 11,300 லிட்டர் சொச்சம். ஒரு நாள் முழுக்க அதே அளவில் ஓடினால் ஏறத்தாழ 98 கோடி லிட்டர். கேட்கப் பிரம்மாண்டமாக இருக்கிறது. ஆனால் அணைக் கணக்கில் பார்த்தால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி, சேர 29 நாள் ஆகும். அதனால் எண்ணைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

அடுத்து, அந்த 400 கனஅடி எத்தனை பெரிய மலைப்பரப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி 200 சதுர கிலோமீட்டர் என்றால், அந்தப் பரப்பு முழுக்கவும் ஒரே நாளில் ஐந்து மில்லிமீட்டர் தண்ணீரை வழித்துக் கொடுத்த மாதிரி. அது நல்ல ஓட்டம். 2,000 சதுர கிலோமீட்டர் என்றால் அரை மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட கோடைக் கசிவு. அதனால்தான் ஒழுங்கான நிலவர அறிக்கையில் இன்றைய எண்ணுக்குப் பக்கத்திலேயே, இதே தேதியில் கடந்த பல ஆண்டுகளில் நடுவாக ஓடிய அளவையும் போடுவார்கள். ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பனி உருகும் மாதத்தில் 2,000 கனஅடியும் குளிர்காலத்தில் 60 கனஅடியும் ஓடுகிற ஆற்றுக்கு 400 என்று ஒரு சராசரி வரலாம். அந்த 400 வருஷத்தில் எத்தனை நாள் நிஜமாக ஓடியது என்று தேடினால் ஏறும்போது சில நாள், இறங்கும்போது சில நாள், அவ்வளவுதான்.

சரி, இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? ஆறு எவ்வளவு ஓடுகிறது என்பதை யாரும் நாள் முழுக்க நேரடியாக அளப்பதில்லை. அளப்பது நீர்மட்டத்தைத்தான். கரையோரம் நட்டுவைத்த அளவுகோலோ, அழுத்தத்தை உணரும் ஒரு கருவியோ, மேலே பாலத்திலிருந்து கீழே பார்க்கும் ரேடாரோ மட்டத்தைச் சொல்லும். ‘இந்த மட்டத்துக்கு இவ்வளவு கனஅடி’ என்று முன்கூட்டியே வரைந்து வைத்த ஒரு வளைகோட்டை வைத்து அந்த மட்டத்தைக் கனஅடியாக மாற்றுகிறார்கள். அந்த வளைகோட்டை வரைய யாராவது ஒருவர் பல மட்டங்களில், பல நாட்களில் ஆற்றில் இறங்கி வேகத்தை அளந்திருக்க வேண்டும். ஆற்றின் அகலத்தைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் எடுத்துப் பெருக்கிக் கூட்டுவது வழக்கம். வேகத்தை மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் அளந்தால் அந்தப் பட்டையின் சராசரி வேகம் ஏறத்தாழ கிடைத்துவிடும். இது அனுபவத்தில் கண்ட விதி. ஆற்றை அளந்து வைக்கும் ஆசை பழையது. கெய்ரோவின் ரோடா தீவில் நைல் நதியின் மட்டத்தைப் பார்க்க 861-இல் கட்டிய அளவுத்தூண் இன்றும் நிற்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை தன் முதல் நீரோட்ட நிலையத்தை 1889-இல் நியூ மெக்ஸிகோவின் எம்புடோவில், ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் அமைத்தது.

மலையாற்றில் இந்த முறைக்கு ஒரு தொல்லை உண்டு. பாறைக்கு நடுவே தண்ணீர் குதித்து, சுழன்று, சில இடத்தில் பின்னோக்கியும் ஓடும். வேகமானியை எங்கே வைப்பது? அங்கே எங்களுக்குக் கைகொடுப்பது சாதாரண உப்பு. உப்பு சேர்ந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஐந்து கிலோ உப்பை எடைபோட்டு வாளியில் கரைத்து, தண்ணீர் நன்றாகக் குமுறி ஓடும் இடத்தில் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். நூறு, இருநூறு மீட்டர் கீழே இன்னொருவர் மின்கடத்துத்திறன் காட்டும் கருவியைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. 60, 60, 60 என்றே காட்டும். ‘ஊற்றினாரா இல்லையா’ என்று சந்தேகம் வருகிற நேரத்தில் 61, 64, 80 என்று ஏறத் தொடங்கும். 150 வரை விறுவிறுவென்று போய், அப்புறம் இறங்கும். இறக்கம் மட்டும் முடிவில்லாமல் நீளும். பாறை இடுக்குகளிலும் தேக்கங்களிலும் மாட்டிய உப்பு மெதுவாக வெளியே வருவதால் அந்த வால். அவசரப்பட்டு வாலை வெட்டிவிட்டால் ஆறு உள்ளதைவிட அதிகமாக ஓடுவதாகக் கணக்கு வரும். நானே ஆரம்பத்தில் குளிர் தாங்காமல் கருவியைச் சீக்கிரம் எடுத்து இப்படிச் சொதப்பியிருக்கிறேன். ஊற்றிய உப்பு தெரியும், அது எவ்வளவு நீர்த்துப்போனது என்றும் தெரியும். நீர்க்க வைத்த தண்ணீர் எவ்வளவு என்பது கணக்கில் விழுந்துவிடும். தண்ணீர் எவ்வளவு ரகளையாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு உப்பு நன்றாகக் கலக்கும். மற்ற கருவிகளைத் தோற்கடிக்கிற குமுறலே இங்கே நமக்கு உதவி.

இன்னொன்று. ஒரு பெருவெள்ளம் வந்து படுகையைக் கிளறிவிட்டால் பழைய வளைகோடு செல்லாது. நேற்றுவரை 1.2 மீட்டர் மட்டம் 400 கனஅடியைக் குறித்தது என்றால், அடியில் ஒரு மேடு அடித்துக்கொண்டு போன பிறகு அதே மட்டம் 550 கனஅடியாக இருக்கலாம். வெள்ளம் முடிந்த வாரத்தில் அறிக்கையில் வரும் எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பாருங்கள்.

இனி காலை, மாலை விவகாரத்துக்கு வருவோம். பனி மலையிலிருந்து இறங்கும் ஆறு என்றால் விடை வெயில்தான். நண்பகலுக்குப் பிறகு உருகல் உச்சத்துக்குப் போகும். அந்தத் தண்ணீர் பனிக்குள்ளேயே ஊறி, ஓடைகளில் சேர்ந்து, இறங்கி வர நேரம் எடுக்கும். மலையடிவாரத்துக்கு மேலே சின்ன ஓடையில் மாலை நான்கு, ஐந்து மணிக்கு உச்சம் தெரியும். இன்னும் கீழே போகப் போக அது இரவுக்குத் தள்ளிப்போகும். சில இடங்களில் நள்ளிரவில்தான் ஆறு அதிகமாக ஓடும். அங்கே கூடாரம் போடுகிறவர்கள் மாலை மட்டத்தைப் பார்த்து இடம் தேர்ந்தால் ராத்திரி படுக்கை நனையும். பாலமில்லாத பனியாற்று ஓடையைக் கடக்க வேண்டுமானால் விடிகாலையில் கடந்துவிடு என்று மலையேறிகள் சொல்வதும் இதனால்தான். காலையில் குதித்துத் தாண்டிய ஓடை மாலையில் திரும்பும்போது வழிவிடாது.

பனியே இல்லாத காட்டு ஓடையில் இது தலைகீழாக நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கோடையில் மழையில்லாத நாட்களில் அங்கே விடிகாலையில்தான் ஓட்டம் அதிகம். பகல் முழுக்க மரங்கள் வேர் வழியாக உறிஞ்சுவதால் பிற்பகலில் குறைந்து, இரவில் மரங்கள் ஓய்ந்ததும் மெல்ல மீளும். ஏற்ற இறக்கம் சிறியதுதான். ஆனால் வரைபடத்தில் காடு மூச்சு விடுகிற மாதிரி அழகாக விழும்.

மழைவெள்ளத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அடித்துப் பெய்த மழை அப்படியே வழிந்து ஆற்றில் சேர்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். காடு மூடிய ஈரமான மலைச்சரிவுகளில் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) வைத்துத் தண்ணீரின் வயதைப் பார்த்தபோது, வெள்ளத்தில் ஓடுவதில் பாதிக்கு மேல் பழைய தண்ணீராகவே பல இடங்களில் இருந்தது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருந்த நீரைப் புது மழை உள்ளே நுழைந்து வெளியே தள்ளுகிறது. மண்ணும் வேரும் போய்ப் பாறை தெரிகிற சரிவில் இந்தக் காத்திருப்பு நடக்காது. பெய்தது பெய்த வேகத்தில் ஓடிவிடும், அடுத்த வாரம் ஓடை வறண்டிருக்கும். மேகாலயாவின் சிரபுஞ்சியை இதற்குச் சொல்லலாம். ஆண்டுக்குப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர், குளிர்கால மாதங்களில் குடிநீருக்குத் திண்டாடுகிறது. மழைக்கு அங்கே குறைவே இல்லை. வந்ததைப் பிடித்து வைத்துப் பிறகு கொடுக்க மலையில் ஆளில்லை.

பனி அந்த வேலையைச் செய்கிறது. குளிர்காலத்தில் விழுந்ததை மலை மேலேயே வைத்திருந்து கோடையில் தவணை தவணையாக விடுகிறது. ஆகவே மலையில் எத்தனை அடி பனி கிடக்கிறது என்பதைவிட, அதை உருக்கினால் எவ்வளவு தண்ணீர் என்பதே கேள்வி. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி காற்று. வசந்தத்தில் அமுங்கிக் கிடக்கும் பழைய பனியில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். இதைக் குழாயை இறக்கிக் குத்தி எடுத்து எடைபோட்டுக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கியவர் ஒரு நீரியல் பொறியாளர்கூட இல்லை. ஜேம்ஸ் சர்ச், நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் முதலான செவ்வியல் பாடங்கள் நடத்தியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் இந்தக் குழாயோடு அலைந்து, கோடையில் தாஹோ ஏரியின் மட்டம் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லிக் காட்டினார். இன்று பனி மலைப் பகுதிகளில் ‘இந்தக் கோடையில் ஆற்றில் இவ்வளவு வரும்’ என்று சொல்கிற முன்கணிப்புகளுக்கு அந்தக் குழாய்தான் தாத்தா.

பயன்பாட்டுக்கு வருவோம். முதலிடம் பாசனத்துக்கு. உலகின் பல மலைநாடுகளில் வளைந்து வளைந்து சரிவோடு ஒட்டிப் போகும் சிறு வாய்க்கால்களைப் பார்க்கலாம். இமாச்சலத்தில் ‘குல்’ என்பார்கள், சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் ‘பிஸ்’ என்பார்கள். பாறைச் சுவரில் மரத்தொட்டியைத் தொங்கவிட்டுக்கூட வாய்க்காலைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆனால் எனக்கு எப்போதும் மனசில் நிற்பது லடாக். விதைக்க ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். உயரத்திலிருக்கும் பனியாறுகள் நன்றாக உருகத் தொடங்குவதோ ஜூனுக்குப் பிறகு. குளிர்காலத்தில் ஓடை சும்மா ஓடிக்கொண்டிருக்கும், வயலில் யாருக்கும் அது தேவையில்லை. மொத்தத் தண்ணீர் போதும், நேரம்தான் பொருந்தவில்லை. செவாங் நார்ஃபெல் என்ற பொறியாளர் 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்தக் குளிர்காலத் தண்ணீரை ஊருக்குப் பக்கத்தில் நிழலான பள்ளத்தாக்கில் சிறு தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் நிறுத்தி, உறைய வைத்து, செயற்கைப் பனியாறுகளாக்கினார். தாழ்வான இடத்தில் இருப்பதால் அவை சீக்கிரமே உருகி விதைப்புக்குக் கைகொடுத்தன. பின்னர் சோனம் வாங்சுக்கும் குழுவினரும் குழாயின் இயல்பான அழுத்தத்தாலேயே தண்ணீரை மேலே பீய்ச்சி, பம்பு எதுவும் இல்லாமல், கூம்பு வடிவப் பனிக்கட்டி ஸ்தூபியாக உறைய வைத்தார்கள். கூம்பு ஏன்? வெயில் படும் பரப்பு குறைவு, உள்ளே அடங்கும் கனஅளவு அதிகம். அதற்கெல்லாம் முன்பே அந்த ஊர்களில் ‘ஜிங்’ என்ற குட்டைகள் இருந்தன. ராத்திரி ஓடிவரும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பகலில் வயலுக்கு விடுவார்கள். யார் வயலுக்கு எப்போது என்று முறை பிரித்துவிட ‘சுர்போன்’ என்று ஒருவர். நம் பக்கத்தில் ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் நீர்க்கட்டியின் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பார்க்காமல் சராசரியை நம்பியதன் விலைக்கு கொலராடோ ஆறு இருக்கிறது. ராக்கி மலைப் பனியால் ஓடுகிற ஆறு. 1922-இல் ஏழு மாநிலங்கள் பங்கு பிரித்தன: மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். நம் கணக்கில் தலைக்கு 327 டிஎம்சி. 1944-இல் மெக்ஸிகோவுக்கு இன்னும் 15 லட்சம் என்று ஒப்பந்தம் ஆனது. பிரச்சினை என்னவென்றால், 1922-இல் கையில் இருந்த சில பத்தாண்டு அளவீடுகள் வழக்கத்தைவிட ஈரமான காலத்தவை. பிறகு பழைய மரங்களின் வளையங்களை எண்ணி 1976-இல் வந்த ஆய்வு, அந்த ஆற்றின் நீண்டகாலச் சராசரி 135 லட்சத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று காட்டியது. இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டதன் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

நீர்மின்சாரத்துக்கு மலையாறு மாதிரி வரப்பிரசாதம் கிடையாது, காரணம் உயரம். விநாடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணீர் நூறு மீட்டர் விழுந்தால் ஏறத்தாழ 0.8 மெகாவாட் கிடைக்கும். உங்கள் 400 கனஅடியை 200 மீட்டர் இறக்கினால் 18 மெகாவாட் பக்கம் வரும். தண்ணீர் கொஞ்சம், உயரம் நிறைய என்ற நிலைக்கென்றே அமைந்தது, சுற்றிலும் கிண்ணங்கள் பொருத்திய பெல்ட்டன் சக்கரம். லெஸ்டர் பெல்ட்டன் 1880-இல் காப்புரிமை பெற்றது. கிண்ணங்களின் நடுவே ஒரு விளிம்பு, அதில் தாரை மோதி இரண்டாகப் பிரிந்து திரும்பும். அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இமயமலைக் கிராமங்களில் ‘கராட்’ என்ற தண்ணீர்த் திரிகைகள் மாவு அரைத்து வந்திருக்கின்றன.

ஆனால் மலையாறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. சட்லெஜ் ஆற்றில் 27 கிலோமீட்டர் சுரங்கத்தோடு கட்டிய 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையத்தை மழைக்காலத்தில் வண்டல் மிகும்போது நிறுத்தி வைக்கிறார்கள். இமயமலை மணலில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் அதிகம், டர்பைன் இரும்பை அது உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். ஆற்றில் தண்ணீர் கரைபுரளும் நாளிலேயே மின்சாரம் எடுக்க முடியாத நிலை. குடிநீருக்கும் அதே கதைதான். கலங்கல் உச்சத்தில் இருக்கும்போது எடுப்பு மதகை மூடிவிட்டுத் தொட்டியில் சேர்த்ததை வைத்து ஓட்டுவார்கள்.

அணையில்லாத ‘ஓடுநீர்’ மின்திட்டம் என்றால் ஆற்றுக்குத் தொந்தரவே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தடுப்பில் தண்ணீரைத் திருப்பிச் சுரங்கத்துக்குள் விட்டால், திரும்ப வெளியே வரும் இடம்வரை ஆறு வெறும் கல்லாகக் கிடக்கும். அது சில கிலோமீட்டராகவும் இருக்கலாம், இருபதுக்கு மேலாகவும் இருக்கலாம். மாலையில் மின்தேவை ஏறும்போது திறந்து, இரவில் மூடுகிற நிலையங்களுக்குக் கீழே இன்னொரு கஷ்டம். ஒரு மணி நேரத்துக்குள் மட்டம் அரை மீட்டர் ஏறி இறங்கும். கரையோரத்தில் ஒதுங்கிய மீன்குஞ்சுகள் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். குளிக்க இறங்கியவர்களும் மாட்டுவார்கள்.

மீனுக்கு என்ன வேண்டும்? குளிர்ந்த, காற்றோட்டமுள்ள தண்ணீர். கடல்மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 25 டிகிரியில் எட்டைக் கொஞ்சம் தாண்டும். கோடையில் ஓட்டம் மெலிந்தால் தண்ணீர் சூடாகும், டிரவுட் மாதிரி மீன்களுக்கு மூச்சுத் திணறும். இன்னொரு ஆபத்து குளிர்காலத்தில். பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்தில் சரளைக்குள் முட்டையிடும். அந்த நேரத்தில் ஆறு நிறைய ஓடி, கரையோரச் சரளையில் முட்டையிட்டு, பிறகு ஓட்டம் குறைந்தால் முட்டை வறண்டுபோகும். ஆகவே குளிர்காலத்தில் எவ்வளவு என்பதைவிட, இலையுதிர் காலத்தில் இருந்ததிலிருந்து ரொம்ப இறங்கக் கூடாது என்பதே முக்கியம்.

இதையெல்லாம் ஒரே ஆற்றில் சேர்த்துப் பார்க்க ஆசையிருந்தால் கொலராடோ மாநிலத்தின் ஆர்கன்சாஸ் ஆற்றைப் பாருங்கள். மேலே நீர்த்தேக்கங்கள், கீழே நகரங்களும் வயல்களும், நடுவில் படகுச் சவாரிக்காரர்களும் தூண்டில்காரர்களும். தேக்கத்திலிருந்து தண்ணீர் எப்படியும் கீழே போகத்தான் வேண்டும். எப்போது விடுவது என்பதில் மட்டும் கை வைத்தார்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை, தண்ணீர் இருக்கிற ஆண்டுகளில், ஆற்றை 700 கனஅடிக்குக் குறையாமல் ஓட்டப் பார்ப்பது, குளிர்காலத்தில் மீன்முட்டைகளுக்கு ஏற்ப நிலையாக வைப்பது என்று ஒரு தன்னார்வ ஏற்பாடு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடுகிறது. வயலுக்குப் போகிற அதே தண்ணீர் போகிற வழியில் படகையும் சுமந்துகொண்டு போகிறது.

ஆற்றுக்கென்று எவ்வளவு விட்டுவைப்பது? டெனன்ட் என்பவர் 1976-இல் அமெரிக்க ஓடைகளை அளந்து ஒரு தோராய விதி சொன்னார்: ஆண்டுச் சராசரியில் 10 சதவீதம் என்றால் மீன் உயிர் பிடித்துக்கொண்டிருக்கும், 30 சதவீதம் என்றால் நன்றாக இருக்கும். சுலபமான விதி, அதனாலேயே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க ஒரே அளவாக விட்டால் போதும் என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆறில்லை, குழாய். இந்திய அரசு 2018 அக்டோபரில் மேல் கங்கைக்கு, ஹரித்வார் வரை, வெளியிட்ட அறிவிப்பு இந்த விஷயத்தில் தேவலாம். நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று பருவத்துக்குத் தக்கபடி பிரித்தது. அளவு போதுமா என்று சண்டை போடலாம், பிரித்த விதம் சரி.

வெள்ளமும் ஆற்றுக்கு ஒரு தேவை என்று சொன்னால் சிலர் முறைப்பார்கள். கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை வந்த பிறகு கிராண்ட் கேன்யனில் மணல்திட்டுகள் கரைந்துகொண்டே போயின. 1996 வசந்தத்தில் ஒரு வாரம் வேண்டுமென்றே விநாடிக்கு 45,000 கனஅடி திறந்துவிட்டார்கள். அடியில் கிடந்த மணல் கிளம்பிக் கரையோரம் திட்டாகப் படிந்தது. கொஞ்ச காலத்தில் அவையும் கரைந்தன, ஆகவே பின்னாளில் மணல் வந்து சேர்ந்திருக்கும் சமயம் பார்த்துத் திறக்கப் பழகினார்கள்.

அபாயத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய பாடம். முழங்கால் அளவுத் தண்ணீர் ஆளைச் சாய்ப்பதும், நேற்று உட்கார்ந்த பாறை இன்று காணாமல்போவதும் அதனால்தான். 1976 ஜூலை 31 மாலை கொலராடோவின் பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கில், மேலே சில மணி நேரம் நின்று பெய்த ஒரு இடிமழையில் 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் காரை ஓட்டித் தப்பப் பார்த்தவர்கள். பள்ளத்தாக்குச் சாலையில் வெள்ளத்தோடு ஓட்டப்பந்தயம் வைக்க முடியாது, காரை விட்டுவிட்டு மேட்டில் ஏறுவதுதான் வழி. உத்தராகண்டின் சமோலியில் 2021 பிப்ரவரி 7 அன்று மழையே இல்லை, குளிர்காலம், ஆறு மெலிந்து கிடந்தது. மேலே ரோந்தி சிகரத்தில் ஏறத்தாழ 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்காவிலும் தவுலிகங்காவிலும் சேறும் கல்லுமாக இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள், அதில் பெரும்பாலோர் நீர்மின் திட்டங்களில் வேலை செய்தவர்கள். அன்று காலை நிலவரம் பார்த்திருந்தால் ‘ஓட்டம் குறைவு’ என்றுதான் போட்டிருக்கும்.

ஆக, 400 கனஅடி நிறையவா குறைவா? நீங்கள் நெல்லோ கோதுமையோ விதைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒரு பதில், படகோடு நின்றால் ஒரு பதில், ஆற்றைக் கடக்க நின்றால் இன்னொரு பதில். கரையில் நிற்கிறீர்கள் என்றால் எண்ணைவிட மூன்று விஷயத்தைப் பாருங்கள். நிலவரத்தில் கடைசி 24 மணி நேரக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒன்று. தண்ணீர் நிறம் சட்டென்று மாறி, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா என்பது இரண்டாவது. மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம், உடனே மேடு ஏறிவிடுங்கள். மூன்றாவது, கரைப்பாறையில் ஈரத்தின் கோடு. தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பாறை ஈரமாக இருந்தால் ஆறு இறங்கிக்கொண்டிருக்கிறது. உலர்ந்த பாறையைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் இறங்குவதற்கு முன் ஒரு சின்னக் கல்லைத் தண்ணீர் விளிம்பில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் உட்காருவேன். கல் முழுகிவிட்டால் அன்றைக்கு அளவெடுப்பு கரையிலிருந்துதான்.